மூன்றாமிடத்து மாப்பிள்ளையை எடைபோட்ட வெர்னா காடில் அம்மையாருக்கு

“அவன் விலையை ஏத்தியிருந்தா பாசம்னு விட்டிருப்பேன். எறக்கியிருக்கீங்க! பொண்ணைக் கட்டிக்கப் போற பையனை இப்படி மட்டம் தட்டுற மாமியாரை நான் எங்கயும் பார்த்ததில்ல, வெர்னா!”

“மெதுவாப் பேசு, கர்ட். கதவுக்கு வெளியில மொத்தத் தளமும் காப்பி குடிக்கிற மாதிரி நிக்குது.”

“நிக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!”

நன்றாகவே கேட்டது, அம்மையே! சென்ற ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாள் காலையில், ஆறிப்போன காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, தங்கள் அறைக்கதவை ஒட்டி நின்ற அதே கூட்டம்தான் இன்று தங்கள் முன் அடக்கமாகக் கைகட்டி நின்று இந்தப் பிரிவுபசார மடலை வாசித்தளிக்கிறது.

எண்ணத்தில் நேர்மையும், எடையில் கூர்மையும், ஏச்சில் பொறுமையும் ஏந்திய ஏந்தலே! ஓஹையோ ஆற்றங்கரையின் ஒளிவிளக்கே! லூயிவில் படகோட்டிகள் என்னும் பேஸ்பால் கழகத்தின் துருப்பிடிக்காத துலாக்கோலே! பந்து வீசுவோர் தோளையும், பணம் வீசுவோர் ஆசையையும் ஒரே பார்வையில் அளந்தறியும் அம்மையே! வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த தாங்கள், இந்தக் கழகத்துக்கு வீரர்களின் மதிப்பை எடைபோடும் வேலைக்கு வந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் தங்களைப் பார்த்து, “டீச்சரம்மாவுக்கு இங்கே என்ன வேலை?” என்று முணுமுணுத்தவர்கள் எல்லாரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். ஐந்து பொது மேலாளர்களைத் தாங்கள் கண்டீர்கள். நால்வர் வந்த வழியே போனார்கள். ஐந்தாமவரான திரு. கர்ட் மெல்ஹார்ன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து, மடலின் தொடக்கத்திலேயே தம் பெயர் வந்துவிட்டதே என்று நெளிந்துகொண்டிருக்கிறார். நெளியட்டும். அவரைப் பற்றி இன்னும் இருக்கிறது.

முதலிடத்து வீச்சாளரை எடைபோட யாருக்குத்தான் தெரியாது? அவர் பெயரைச் சட்டையில் அச்சிட்டுக் குழந்தைகள் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஐந்தாமிடத்தில் தொங்கிக்கொண்டிருப்பவரையும் எடைபோடலாம். முந்தாநாள் ரொட்டிக்குக் கடைக்காரன் எழுதி வைக்கும் விலைதான் அவருக்கு. ஆனால் ஐவர் முறைவைத்து வீசும் வரிசையில் நடுவே நிற்கிறானே மூன்றாமவன், அவனை எடைபோடுவதுதான் அரிதினும் அரிது! பந்து வீசும் மேட்டில் ஆறு இன்னிங்ஸ் நிற்பான். மூன்று ரன் கொடுப்பான், கோபம் வந்தால் நான்கு. மறுநாள் செய்தித்தாளில் அவன் பெயர் கடைசிப் பத்தியில் வரும், அதுவும் இடம் இருந்தால். ஜெயித்தால் மட்டைக்காரர்களுக்குப் புகழ், தோற்றால் இவனுக்கு வசவு. இவனை ஒரு கழகம் தங்கம் என்கிறது, இன்னொரு கழகம் தகரம் என்கிறது, இரண்டு கழகங்களும் அதே நாளில் அதே வாயால் மாற்றியும் சொல்கின்றன. அந்த நடுவரிசைப் புகைமூட்டத்துக்குள்தான் முப்பத்தோரு ஆண்டுகள் தாங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

எங்களுக்கு மலைப்பாக இருப்பது இதுதான். எத்தனை கணினிகள் வந்தாலும், எத்தனை வரைபடங்கள் சுவரில் ஏறினாலும், எல்லாவற்றையும் படித்து முடித்தபின் தாங்கள் கேட்பது ஒரே கேள்வி: “அவன் இல்லாத நாள்ல அந்த மேட்டுல யார் நிப்பா?” அவ்வளவுதான். பையன் நல்லவனா, கெட்டவனா, பந்து எவ்வளவு வேகம், சிரித்தால் அழகாக இருப்பானா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அவன் இல்லாவிட்டால் அங்கே வந்து நிற்கப்போகிற அந்த இன்னொருவனுக்கும் இவனுக்கும் உள்ள இடைவெளிதான் இவன் விலை. வெள்ளரிக்காயும் பாலாடைக்கட்டியும் தடவிய சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆணவக்காரர்களை ஊமையாக்குவீர்கள். பதில் வரும்வரை மென்றுகொண்டே இருப்பீர்கள்.

இப்படிப்பட்ட தங்கள் துலாக்கோலில் போயும் போயும் ஏறி உட்கார்ந்தார் ஒருவர். அவர் பெயர் டோபின் ஆஸ்டர்.

நெப்ராஸ்காவிலிருந்து வந்த உயரமான பையன். எங்கள் வரிசையில் மூன்றாமவர். பிறந்ததிலிருந்தே மூன்றாமவர் என்று சொல்லத்தக்க முகம். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். தங்கள் மகள் டெஸ்ஸா, லெக்சிங்டன் பக்கத்துக் குதிரை லாயங்களுக்கு மருத்துவராகப் போய்வருபவர். கழகத்தின் கோடை விருந்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் டோபினின் வண்டி தங்கள் வீட்டு வாசலில் நின்றது. எங்களில் ஒருவர் தங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார், பெயர் சொல்ல மாட்டோம். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது, போகும்போது மூடி போட்ட பாத்திரம் கையில் இருந்ததா இல்லையா என்பதெல்லாம் திங்கட்கிழமை காலையில் எங்களுக்குத் தெரிந்துவிடும். அக்டோபரில் கல்யாணம் என்று முடிவானபோதும் பையன் தங்களை “மிஸஸ் காடில்” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் டகோமா கழகம் கண் வைத்தது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், மேற்குக் கோடியில், வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊர். அவர்களிடம் அருமையான இளம் கேட்சர் ஒருவன் இருந்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்க ஆளில்லாமல் நாம் பல ஆண்டுகளாகத் திண்டாடியது ஊரறிந்தது. கேட்சரைத் தருகிறோம், டோபினைத் தாருங்கள் என்றார்கள்.

ஜூலைக் கடைசி நாள்தான் கெடு நாள். மாலை ஆறு மணிக்கு மேல் எந்தக் கழகமும் வீரர்களை மாற்றிக்கொள்ள முடியாது. அன்று காலைக்குள் தாங்கள் எடை சொல்லியாக வேண்டும். “நான் இதிலிருந்து ஒதுங்கிக்கிறேன், வேற ஆளை வச்சுப் பாரு” என்று கர்ட்டிடம் முதலில் சொன்னது தாங்கள்தான். அவர்தான் கேட்கவில்லை. எடைபோடும் பிரிவில் இருந்த மற்ற மூவரையும் எடைபோடச் சொன்னார், தங்களையும் விடவில்லை. அந்த மூவரும் தனித்தனியே பார்த்துச் சொன்னது ஒன்றே: கேட்சர் போதாது, டகோமாவின் இடக்கை வீச்சாளன் ஒருவனையும் சேர்த்துக் கேட்கலாம். தாங்கள் மட்டும் சொன்னீர்கள்: கேட்சர் மட்டும். அதற்கு மேல் ஒரு குண்டூசி கேட்டாலும் அதிகம்.

விலை குறைந்தால் வியாபாரம் சுலபம். வியாபாரம் சுலபமானால் மாப்பிள்ளை டகோமாவுக்கு. மாப்பிள்ளை போனால் மகளும் பின்னாலே. ஒரே மகள்! அதனால்தான் கர்ட் கத்தினார்.

“ஏன் கம்மி? காரணம் சொல்லுங்க!”

“என் எடை அதுதான்.”

“அது காரணமில்ல!”

“காரணம் இருக்கு. சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல.”

இதைக் கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருப்போமா, அம்மையே? பத்து நிமிடத்துக்குள் தளம் முழுதும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாமியாருக்குப் பையனைப் பிடிக்கவில்லை. குதிரைப் பண்ணைக்கார வீட்டில் சம்பந்தம் செய்ய ஆசை. இரண்டாயிரம் மைல் தள்ளினால் காதல் தானாக ஈரத்தில் ஊறிப் போய்விடும் என்று கணக்கு. பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் நடீன் அம்மையார் மட்டும், “அப்படியெல்லாம் இருக்காதுப்பா” என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.

கர்ட் மற்ற மூவர் சொன்னபடியே கேட்டார். டகோமாவின் பொது மேலாளர் திரு. லூமிஸ், இருவரையெல்லாம் தரமுடியாது என்று தொலைபேசியை வைத்துவிட்டார். வியாபாரம் முறிந்தது. முறிந்ததால், நாலு மணி ஆட்டத்துக்குத் தம் முறைப்படி டோபினே மேட்டில் ஏறினார்.

நாலாவது இன்னிங்ஸ் முடிந்தது. டோபின் தலையைக் குனிந்துகொண்டு, வீரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் இறங்கினார். களப் பயிற்றுநர் ரஸ்டி நேப்பியர் அங்கே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டிருந்தார். ஆள் மலை மாதிரி, மனசு வெண்ணெய் மாதிரி.

“கோச், இனிமே முடியாது. முழங்கை.”

“எப்பலேருந்துடா?”

“கொஞ்ச நாளாவே.”

“இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாடா, மடையா!” என்று ரஸ்டி அவரை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இது போதாதா? கெடு நாளன்று, ஆட்டத்தின் நடுவே, பள்ளத்துக்குள் வைத்து ஒரு வீச்சாளரைப் பயிற்றுநர் கட்டிப்பிடித்தால் இந்த விளையாட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: ஆளை விற்றாயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் வரிசையாக எழுந்தார்கள். களத்தில் முதல் பேஸைக் காக்கும் பருமனான டெலானோ கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அணைத்தார்.

“போய்ட்டு வா மாப்ள. எந்த ஊரா இருந்தாலும் எங்களை மறந்துடாதே.”

“எந்த ஊரு?” என்றார் டோபின்.

“உனக்கே சொல்லலையா? அடப்பாவிங்களா!”

மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள், தலையைக் கலைத்தார்கள். தம்மை விற்றுவிட்டார்கள் என்று டோபினும் நம்பிவிட்டார். நெப்ராஸ்காவில் வளர்ந்த ஒழுக்கம். படியேறி வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி நாலா பக்கமும் காட்டினார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. முந்தின வாரம்தான் இதே கூட்டம் இதே பையனை “மாடு மேய்க்கப் போ” என்று கத்தியது. தொலைக்காட்சியில் இருவர் குரல் தழுதழுக்க அவருடைய சேவையைப் பாராட்டினார்கள். தங்கள் அறைத் தொலைபேசி அடித்தது. லெக்சிங்டன் லாயம் ஒன்றில், குதிரைக் காலைப் பிடித்தபடி வானொலி கேட்டுக்கொண்டிருந்த டெஸ்ஸா.

“அம்மா! அவரை வித்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல. வேலையைப் பாரு.”

இதைத் தாங்கள் சொன்ன தொனியில் நாங்கள் சொல்லிப் பார்த்தோம். யாருக்கும் வரவில்லை.

அடுத்து அடித்தது கர்ட்டின் அறைத் தொலைபேசி. கீழே இருந்து மருத்துவ உதவியாளர் பேசினார். விற்பனையும் இல்லை, ஒன்றும் இல்லை, முழங்கை வலி, இரவு படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். கர்ட் அந்தத் தொலைபேசியை வைக்கக்கூட இல்லை, அடுத்த அழைப்பு. டகோமா! ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். அதற்குள் தாங்களும் அந்த அறைக்கு வந்துவிட்டிருந்தீர்கள். கதவு திறந்திருந்தது. காப்பி குடிக்கிற நாடகமெல்லாம் விட்டுவிட்டு நாங்கள் நிலைப்படியிலேயே நின்றோம்.

“கர்ட்! அவனை யாருக்குக் கொடுத்தே? சொல்லாதே, வேணாம். இன்னும் கையெழுத்து ஆகலைன்னா நிறுத்து. கேட்சர் உனக்கு. அந்த இடக்கைக்காரனும் உனக்கு. ரெண்டும்! ஆறு மணிக்குள்ள எழுதிடலாம்.”

கட்டிப்பிடித்ததை லூமிஸும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். வேறு யாரோ கொத்திக்கொண்டு போகிறார்கள் என்று பதறிவிட்டார். காலையில் தரமாட்டேன் என்றவர், மாலையில் இரு கையாலும் தூக்கித் தருகிறார். கர்ட் பேசும் பொத்தானை அணைத்துவிட்டுத் தங்களைப் பார்த்தார். அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைக் கடைசியாக அவருடைய முதல் கல்யாணத்தில் பார்த்தது.

“வெர்னா, ஒண்ணும் பேசாதீங்க. அவன்கிட்ட டாக்டருங்க இருக்காங்க. பார்த்துக்கட்டும். நாம பொய் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாம இருக்கோம்.”

“ரெண்டு பசங்க, வெர்னா! ஊரே கேட்சர் கேட்சர்னு அழுதுட்டிருக்கு!”

உண்மையைச் சொன்னால், அம்மையே, அந்த நிமிடத்தில் நாங்களும் கர்ட் கட்சிதான். இந்தம்மா இப்போது வாயைத் திறக்காமல் இருக்கவேண்டுமே என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேட்சர் வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு மட்டும் இல்லையா? அதோடு, தாங்கள் வாயைத் திறந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் எங்களுக்குத் தெரியும், சொல்லப்போவதே நாங்கள்தானே: மாப்பிள்ளையைப் போகவிடாமல் கிழவி கெடுத்துவிட்டாள் என்போம். காலையில், துரத்துகிறாள் என்று சொன்ன அதே வாயால்!

தாங்கள் குனிந்து பேசும் பொத்தானை அழுத்தினீர்கள்.

“லூமிஸ், வெர்னா காடில் பேசறேன். அவனை யாரும் வாங்கல.”

“கட்டிப்புடிச்சாங்களே!”

“ஆறுதலுக்குக் கட்டிப்புடிச்சாங்க. முழங்கை வலின்னு எறங்கியிருக்கான். படம் ராத்திரிதான் வரும். அதைப் பார்த்துட்டு வேணாம்னா விட்டுடலாம்னு ஒரு வரி சேர்த்து எழுதிக்கலாம். காலையிலேயே என் எடை கேட்சர் மட்டும்தான். இடக்கைக்காரனை நீங்களே வச்சுக்கோங்க.”

கர்ட் தலையை மேசையில் கவிழ்த்தார்.  பிறகு லூமிஸ் கேட்டார்:

“நீங்க… அந்தப் பையனோட மாமியார் இல்ல?”

“அக்டோபர் வரைக்கும் இல்ல.”

“முழங்கை கெட்டவனுக்கு எதுக்கு நான் கேட்சரைத் தரணும்?”

“இந்த வருஷம் அவன் இனிமே பந்தைத் தொடமாட்டான்னே வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் ரெண்டு முழுப் பருவம் உங்களுக்குக் கட்டுப்பட்டவன். அந்த ரெண்டு வருஷமும், அவன் இல்லாத நாள்ல உங்க மேட்டுல யார் நிப்பா? ஒரு பேர் சொல்லுங்க.”

சாண்ட்விச் இல்லை, ஆனாலும் மெல்லுவது போலவே காத்திருந்தீர்கள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மனிதர் தம் வீரர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் மேட்டில் ஏற்றி இறக்குவது எங்களுக்கே கேட்டது.

“ஒருத்தனும் இல்ல,” என்றார் லூமிஸ்.

“அந்த ‘ஒருத்தனும் இல்ல’ இருக்கே, அதோட விலைதான் கேட்சர்.”

ஆறு மணிக்கு முன்னால் எழுத்தாயிற்று. இரவு படம் வந்தது. மூட்டுக்குள் பெயர்ந்த சிறிய எலும்புத் துணுக்கு, எடுத்துவிட்டால் சரியாகும் என்றார்கள். டகோமா மறுக்கவில்லை. காலையில் தாங்கள் காரணம் சொல்லாமல் சொன்ன அதே எடையில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், டோபின் ஆஸ்டர் கைமாறினார்.

கர்ட் வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். இரண்டாம் பையன் போன துக்கம் முகத்தில் இருந்தது, கோபம் இல்லை.

“காலையிலேயே உங்களுக்குத் தெரியும்.”

“ஞாயித்துக்கிழமையே தெரியும். வலக்கையால வீசுறவன், குழம்புக் குண்டானை இடக்கையால தூக்கி வச்சான்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“என் சாப்பாட்டு மேசையில பார்த்தது, கர்ட். அதை இந்தக் கட்டடத்துல சொல்ல வேண்டியவன் அவன். போய்ச் சொல்லுடான்னு அன்னைக்கே சொன்னேன். அவன் சொல்ற வரைக்கும் எடையில மட்டும் வச்சேன். வாயில வைக்கல.”

 சாப்பிட வந்த பையனின் ரகசியத்தையும் காப்பாற்றி, சம்பளம் தரும் கழகத்தையும் ஏமாற்றாமல், வாங்க வந்த அந்நியனுக்கும் துரோகம் செய்யாமல், ஒரே ஓர் எடைக்குள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டி, நாள் முழுதும் எங்கள் ஏச்சைச் சுமந்துகொண்டு நடந்த மாண்பை என்னென்போம்! வலி என்று சொன்னால் வாழ்க்கை போய்விடுமே என்று பயந்து வாயை மூடியிருந்த பையனிடமிருந்து, அன்று நாலாவது இன்னிங்ஸில் அந்தச் சொல்லை வரவைத்தது தாங்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்ன அந்த ஒரு வரிதானே!

அதன்பின் தங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினீர்கள். நாங்கள் வழக்கம்போல் பின்னாலேயே வந்தோம். உள்ளே எண்களை அழுத்தும் சத்தம். பிறகு தங்கள் குரல்.

“டெஸ்ஸா. இப்ப வித்துட்டேன், கண்ணு.”

மேசை இழுப்பறையைச் சாத்தும் சத்தம்.

“அங்க மழை ஜாஸ்தியாம். நல்ல குடையா ஒண்ணு வாங்கிக்கோ.”

 இந்தத் தளத்தின் வரலாற்றில், யாரும் விரட்டாமலேயே அந்தக் கதவுக்கு வெளியே நின்ற கூட்டம் தானாகக் கலைந்து போனது அன்றுதான்.

இனி ஊர்ச் செய்தி. அக்டோபரில் தங்கள் வீட்டுப் பின்கட்டில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இடக்கையால் மோதிரம் போட்டார். மோதிரம் ஒரு தடவை புல்லில் விழுந்தது. டெலானோ தவழ்ந்து தேடிக்கொடுத்தார். இருவரும் டகோமாவுக்குக் குடிபோனார்கள். டெஸ்ஸா அங்கே மழையில் நனைந்த குதிரைகளுக்கு மருந்து கொடுக்கிறார். டோபின் இந்த வசந்தத்தில் மறுபடி வீச வந்தார். அங்கேயும் மூன்றாமிடம்தான், வென்றது எவ்வளவோ தோற்றதும் கிட்டத்தட்ட அவ்வளவே, அவர் இல்லாத நாளில் நிற்க அங்கே இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கேட்சர் நம் ஊருக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். நாம் விட்டுவிட்ட இடக்கைக்காரன் டகோமாவில் பிரமாதமாக வீசுகிறான். அவன் தொலைக்காட்சியில் தோன்றும்போதெல்லாம் கர்ட் எழுந்து வெளியே போய்விடுகிறார். அவர் இந்த ஏப்ரலில் நடீன் அம்மையாரை மணந்துகொண்டார். அந்தக் கல்யாணப் பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று தங்களிடம் கேட்டோம். சாண்ட்விச்சை மென்றுகொண்டே இருந்தீர்கள். பதில் எங்களுக்குப் புரிந்தது.

தாங்கள் ஓய்வுக்குப் பிறகு ‘சும்மா ஒரு மாசம் பார்த்துட்டு வரேன்’ என்று டகோமாவுக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு யாரும் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நடமாட்டார்கள், அம்மையே. வரும் மார்ச் மாதம் பேரப்பிள்ளை வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அதோடு ஒரு நல்ல குடையையும் சேர்த்துத் தங்கள் கையில் தருகிறோம். புயலிலும் புரண்டு மடங்காத குடை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.

இன்னொன்றும் செய்தோம். தங்களிடம் கற்ற ஒரே கேள்வியைத் தங்கள் மேலேயே போட்டுப் பார்த்தோம். நாளைக் காலை, வெர்னா காடில் இல்லாத அந்த அறையில் யார் உட்காருவார்? மூவர் பெயரைக் கர்ட் சொன்னார். நல்லவர்கள், படித்தவர்கள், இதோ இங்கேதான் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் ஏற்றிப் பார்த்தோம். அவர்களே எழுந்துகொண்டு, “ஒருத்தனும் இல்ல” என்றார்கள். தங்கள் விலை எங்களுக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்து மாற்றிக்கொள்ள எங்களிடம் எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

ஆகவே, அளந்து கொடுத்தே பழகிய அம்மையே! அளவில்லாத ஆயுளும், மழையிலும் மூட்டு வலிக்காத உடம்பும், மடியில் மழலையும், மேசையில் மூடி திறந்த பாத்திரமும், ஞாயிறுதோறும் வாசலில் ஒரு வண்டியும் தங்களுக்கு வாய்க்கட்டும்! டகோமாவில் தாங்கள் குடியேறும் தெருவிலும், தங்கள் வாசலை ஓயாமல் கவனிக்கும் நல்ல அயலார் அமையட்டும்!

இங்ஙனம், நாளை முதல் எந்தக் கதவருகே நிற்பது என்று தெரியாத,
லூயிவில் படகோட்டிகள் கழகத்து இரண்டாம் தளத்தார்.

கையெழுத்துகளின் அடியில் ‘மிஸஸ் காடில் அவர்களுக்கு, நன்றியுடன், டோபின்’ என்று ஒன்றும் இருக்கிறது. டகோமாவுக்கு அனுப்பி வாங்கினோம். வலது கையால் போட்டதுதான். டெஸ்ஸாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.